பிள்ளையின் கழுத்தில் புலி நகம்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, கள்ளக்குறிச்சியில் நான் பணியாற்றும் பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஓதி ஊதிக்கொண்டு போகத் தாய்மார்கள் வாயிலருகே காத்து நிற்பது நம் ஊர்களில் அன்றாடம் காணும் காட்சியே. அன்று வந்த ஓர் இளம் தாயின் தோளில் இரண்டு வயதுப் பாலகன். "ஹஜ்ரத், ராத்திரியில் திடுக்குத் திடுக்கென்று விழித்து அழுகிறான், கொஞ்சம் ஓதிப் பாருங்கள்" என்றார். ஓதினேன். ஊதுவதற்காகக் குனிந்தபோது, குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் வெள்ளிப் பூண் கட்டிய புலி நகம் ஒன்று தொங்குவதைக் கண்டேன்.

"இது ஏதம்மா?" என்று கேட்டேன்.

"மாமி வாங்கிக் கட்டினாங்க ஹஜ்ரத். கல்வராயன் மலைப் புலியாம். மலையிலிருந்து ஓர் ஆள் கொண்டுவந்து கொடுத்தானாம். புலி நகம் கிடந்தால் பிள்ளை பயப்படாது என்று சொல்வாங்களே!"

நகத்தைக் கட்டிய பிறகும் பிள்ளை பயந்துகொண்டுதானே இங்கே வந்திருக்கிறான் என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிள்ளை பெற்றவளின் அச்சம் வாதத்துக்கு அடங்குவதன்று. ஆயினும் அந்த நகம் அன்றிரவு முழுதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. 'தொழுகையையும் நோன்பையும் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் புலிக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளையின் கழுத்துவரை புலி வந்துவிட்ட பிறகு, வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு அது வரக்கூடாதா?

முதலில் அந்த விற்பனைக்காரன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கோமுகியும் மணிமுத்தாறும் பிறப்பது அங்கேதான். கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையில் தேங்கும் நீர் நம் வயல்களை நனைக்கிறது, கிணறுகளில் ஊறுகிறது, பள்ளிவாசல் ஹவுளில் நாம் ஒளுச் செய்யும் நீரும் அந்த மலை தந்ததே. என் பாட்டனார் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் வாங்கிவந்து விற்றவர். "இருட்டுவதற்கு முன் மலையிறங்கிவிடு, புலி நடமாடும்" என்று அவருடைய அத்தா அவருக்குச் சொல்லி அனுப்புவாராம். நான் சிறுவனாக அவர் மடியில் அமர்ந்து கேட்ட 1970களின் இறுதியிலேயே அது பழங்கதையாகிவிட்டிருந்தது.

இன்று கல்வராயன் மலையில் புலி வாழவில்லை. ஒரு காலத்தில் புலி நம் சமவெளி ஊர்களின் எல்லைவரை வந்து போயிருக்கிறது. கால்நடைகளைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவர்களுக்கு நட்ட 'புலிகுத்திக் கல்' என்னும் நடுகற்கள் கொங்கு நாட்டிலும் சேலம் பக்கத்திலும் இன்னும் நிற்கின்றன. பொருத மனிதனும் மறைந்தான், புலியும் மறைந்தது, கல் மட்டும் இருக்கிறது.

ஒரே நாளில் யாரும் புலியினத்தைக் கொன்று தீர்த்துவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் புலியைக் கொன்று வருபவனுக்கு அரசே பரிசு கொடுத்தது. துரைமார்களும் ஜமீன்தார்களும் வேட்டையை வீரமென்று எண்ணினார்கள். (நம் பாதுஷாக்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) அதைவிடப் பெரிய கேடு ஓசையின்றி நடந்தது. ஒரு புலி உயிர் வாழ வாரத்துக்கு ஒரு மான் வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பெரிய இரைகள் வேண்டும் என்று கானுயிர் அறிந்தோர் கணக்கிட்டிருக்கிறார்கள். மானையும் கடமானையும் கண்ணியும் துப்பாக்கியும் தின்றுவிட்டால், காடு துண்டு துண்டாகச் சிதறிவிட்டால், புலியைச் சுட வேண்டிய தேவையே இல்லை. பட்டினியும் தனிமையும் அதைத் தீர்த்துவிடும்.

தமிழ்நாட்டில் இப்போது புலிகள் பெரும்பாலும் வாழ்வது மேற்கிலும் தெற்கிலும் உள்ள மலைக்காடுகளிலேயே. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், 2021இல் சேர்க்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து காப்பகங்கள் இருக்கின்றன. இவற்றுள் நமக்கு அருகிலிருப்பது சத்தியமங்கலம். அங்கிருந்து ஒரு புலி கல்வராயனுக்கு வந்துசேர வேண்டுமானால் காவிரியையும், சேலம் சமவெளியின் ஊர்களையும், நெடுஞ்சாலைகளையும், இரயில் பாதைகளையும் கடந்தாக வேண்டும்.

ஆகவே, அந்த மாமி வாங்கியது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எருமைக் கொம்பைச் சீவி நகமாக்கித் தந்திருப்பான். சந்தையில் புலி நகமென்று விற்பவற்றுள் போலிகள் மிகுதி. அல்லது, எங்கோ ஒரு காட்டில் கண்ணியில் சிக்கிச் செத்த புலியின் நகமாக இருக்கும். 2023 பிப்ரவரியில் சத்தியமங்கலம் பக்கத்தில் வடமாநிலத்தைச் சேர்ந்த சிலர் புலித்தோலும் நகமும் எலும்புமாகப் பிடிபட்ட செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். போலியென்றால் நம் பணம் பொய்க்குப் போயிற்று. மெய்யென்றால் கொலைக்குப் போயிற்று.

இந்திய நாட்டில் 1972இல் எடுத்த கணக்கில் 1,827 புலிகளே இருந்தன. அந்த ஆண்டே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1973 ஏப்ரலில் ஒன்பது காப்பகங்களோடு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஆயினும் இராஜஸ்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் 2005இல் பார்த்தபோது ஒரு புலியும் மிஞ்சவில்லை; எல்லாம் ஏட்டில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தன! 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாடு முழுவதற்கும் 1,411, தமிழ்நாட்டில் 76. அதன்பின் காவலும் கண்காணிப்பும் இறுகின. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாட்டில் 3,682, தமிழ்நாட்டில் 306. மனிதன் மனம் வைத்தால் மீட்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால், 300 என்பது என்ன? நம் பள்ளிவாசலின் ஜும்ஆவுக்கு வரும் கூட்டம் அதைவிடப் பெரிது.

இனி, ஓர் ஆலிம் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஊர்வனவும் பறப்பனவும் நம்மையொத்த சமுதாயங்களே எனத் திருமறையின் அன்ஆம் அத்தியாயம் உணர்த்துவதை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். அதை நான் விரிக்கப்போவதில்லை. சட்டப் பக்கத்தையே பார்ப்போம். மனிதன் எதற்காகப் புலியைக் கொல்லக்கூடும்?

உண்பதற்கா? கோரைப் பல்லால் வேட்டையாடும் விலங்கின் இறைச்சியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆக, நம் கத்திக்குப் புலியிடம் வேலையில்லை.

தோலுக்கா? இது பலர் அறியாத செய்தி. வேட்டை விலங்குகளின் தோலை விரிப்பாக்கிக்கொள்வதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்த நபிமொழி பதிவாகியிருக்கிறது. பதனிட்ட தோல் தூய்மையாகிவிடுமே என்று ஃபிக்ஹு ஓதிய மாணவர் எழுந்து கேட்பார். ஆம், ஆகும். தூய்மை வேறு, பயன்பாடு வேறு. அத்தோலில் அமர்வது செருக்குற்ற மன்னர்களின் வழக்கம் என்பதைத் தடைக்குரிய காரணங்களுள் ஒன்றாக அறிஞர்கள் காட்டுகிறார்கள். சில பெரியவர்கள் புலித்தோலில் அமர்ந்து திக்ரு செய்ததாகச் சொல்வார்கள். அவர்களைப் பற்றி வாய் திறக்க நான் யார்? ஆனால் ஹதீஸ் ஹதீஸ்தான்.

காப்புக்கா? திருவசனம் எழுதிய தாயத்தைப் பற்றி நம் உலமாக்களிடையே இரு கருத்து உண்டு. அந்த வழக்கை நான் இங்கே திறக்கவில்லை. ஆனால் ஒரு மிருகத்தின் நகம் தீங்கைத் தடுக்கும் என்று நம்பிக் கட்டுவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. அதை நபிகளார் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள்.

விளையாட்டுக்கும் வீரப் பெருமைக்குமா? காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்று எச்சரித்த மார்க்கம் இது. சிட்டுக்குருவிக்கே அப்படியானால்?

மிஞ்சுவது ஒன்றே: உயிருக்கு வரும் ஆபத்து. இங்கே ஒரு நுட்பத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிர்களுள் 'கடிக்கும் நாய்' ஒன்று. சிங்கம், புலி போன்றவையும் அச்சொல்லில் அடங்கும் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) போன்றோர் கொண்டார்கள். ஆகவே, 'புலியைக் கொல்ல மார்க்கத்தில் தடையில்லை' என்று யாரேனும் கிதாபைக் காட்டினால் திகைக்காதீர்கள். அவர்களும் அந்த அனுமதியை அவ்விலங்குகளின் தாக்கும் இயல்பை வைத்தே கூறினார்கள். தோல் வாணிகத்துக்காகக் கூறவில்லை. நம்முடைய ஹனஃபி மத்ஹபின் முடிவோ இன்னும் கூர்மையானது. மத்ரஸாவில் ஹிதாயா ஓதியபோது ஹஜ்ஜுப் பாடத்தில் வந்த ஒரு சட்டம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: இஹ்ராம் உடையில் இருப்பவர், தம்மைத் தாக்காத வேட்டை விலங்கைக் கொன்றால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்; அந்த ஈடு ஓர் ஆட்டின் மதிப்பை மீறாது. அது பாய்ந்து வந்து, அவர் தற்காப்புக்காகக் கொன்றால் ஒன்றும் கடமையில்லை. பதினேழு வயதில் இதை ஓதியபோது, 'பாலைவனத்துச் சட்டம் நமக்கு எதற்கு?' என்று நினைத்தேன். இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. தாக்கிய விலங்கையும் தன் வழியே போன விலங்கையும் வேறுபடுத்தும் அந்தக் கோடு எவ்வளவு பழமையானது!

தாக்குகிற உயிரையும் எளிய வழியில் தடுக்க முடியுமானால் கடிய வழிக்குப் போகலாகாது என்பது ஃபிக்ஹின் மற்றொரு விதி. 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கத்தில் நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ஒரு புலியைச் சுட்டுக்கொல்ல உத்தரவு பிறந்தது. கொல்லாமல் பிடிக்க முயலுமாறு சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியது. வாரக்கணக்கில் காட்டை அலசி, அக்டோபர் 15ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் நம் கிதாபைப் பார்த்துச் செய்யவில்லை. ஆனால் கிதாபில் உள்ளதைத்தான் செய்தார்கள்.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி உங்கள் நெஞ்சில் எழ வேண்டும். எழாவிட்டால்தான் எனக்கு வருத்தம். 'நகரத்தில் இருந்துகொண்டு புலிக்காக உருகுகிறீரே, மாட்டைப் பறிகொடுத்தவனின் கதி என்ன?' 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியில், தன் பசுவைப் புலியிடம் இழந்த ஒருவர் பசுவின் உடலில் நஞ்சு வைத்தார். இரண்டு புலிகள் மாண்டன. அவர் செய்தது குற்றம், அவர் கைதானார். ஆனால் அந்தப் பசுவின் விலை உரிய நேரத்தில் தம் கைக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் அவர் நஞ்சைத் தேடியிருப்பாரா என்று நான் எண்ணிப் பார்க்கிறேன்.

இதற்கும் நம் வரலாற்றில் விடை இருக்கிறது. மதீனாவைச் சூழ்ந்த நிலத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹரமாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். 'ஹிமா' எனப்படும் காப்புநிலங்களும் அக்காலத்திலேயே இருந்தன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம்மால் விடுதலை செய்யப்பட்ட ஹுனை என்பவரை ஒரு ஹிமாவுக்குக் காவலராக வைத்தபோது இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இதுதான்: சில ஒட்டகமும் சில ஆடும் உள்ள ஏழையை உள்ளே விடு, உஸ்மான், அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் போன்ற செல்வர்களின் மந்தையை விடாதே, அவர்களுடைய மந்தை அழிந்தாலும் தோட்டமும் வயலும் இருக்கின்றன, ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து என் வாயிலில் நிற்பான். இவ்வளவுக்கும் அந்தச் செல்வர்கள் இருவரும் சுவர்க்க நன்மாராயம் பெற்ற ஸஹாபாப் பெருமக்கள்! காட்டைக் காப்பது எப்படி என்று இதைவிடத் தெளிவாக ஒரு வன அதிகாரிக்கு யார் சொல்லிக் கொடுக்க முடியும்?

கல்வராயன் மலையை இந்தக் கண்ணால் பாருங்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரை எண்ணிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்வோர் என்பது பொருள்) 1976வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டு கழித்தே அரசின் நேரடி நிர்வாகம் அவர்களை எட்டியது. செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டுச் சிறையில் வாடியவர்கள் அவர்களுள் உண்டு. மரம் போனது ஒருவனுக்கு, பணம் போனது ஒருவனுக்கு, விலங்கு மட்டும் ஏழையின் கைக்கு. 2024 ஜூலையில் அம்மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. காடு காக்கப்பட வேண்டும் என்று நான் எழுதும்போது, ஐந்து ஆடு மேய்க்கும் அந்தப் பெண்ணைத் துரத்த வேண்டும் என்று எழுதவில்லை. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் அவளுக்குத் தந்த உரிமையைக் கொடுத்துவிட்டு, கண்ணி வைப்பவனையும் கடத்துபவனையும் துரத்த வேண்டும் என்கிறேன். ஹுனை செய்த வேலை அது.

இன்னொரு செய்தி நம்மை உலுக்க வேண்டும். உலகில் புலியினம் அற்றுப்போன நிலங்கள் எவை தெரியுமா? ஈரான், துருக்கி, மத்திய ஆசியா, ஜாவா. பெரும்பாலும் நம் சமுதாயத்தவர் வாழும் நாடுகள்! துருக்கியில் கடைசிப் புலி 1970இல் சுடப்பட்டது. ஜாவாவில் 1970களுக்குப் பின் உறுதியான தடயம் இல்லை. வேட்டை விலங்கின் தோலைத் தடுக்கும் நபிமொழியைப் பதிவு செய்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களின் ஊரான திர்மித், ஆமு நதிக்கரையில் இருக்கிறது. அந்த நதிக்கரை நாணற்காடுகளில் இருபதாம் நூற்றாண்டுவரை புலிகள் உலவின. இன்று அங்கே ஒன்றுமில்லை. அருகே தஜிகிஸ்தானில் புலியின் பெயர் தாங்கிய காப்பகம் ஒன்று இருக்கிறது, பெயரில்தான் புலி. நபிமொழி நூலில் இருந்தது. தோல் சந்தையில் இருந்தது.

எல்லாமே இருட்டன்று. இந்தோனேசிய உலமா சபை 2014இல், அருகிவரும் உயிரினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என ஃபத்வா வெளியிட்டது. ஜாவாப் புலியை இழந்த நாடு, சுமத்ராவில் எஞ்சியிருக்கும் சில நூறு புலிகளுக்காகவேனும் விழித்துக்கொண்டது. கஸகஸ்தான் 2024இல் வெளிநாட்டிலிருந்து இரண்டு புலிகளை வரவழைத்து, அற்றுப்போன இனத்தை மீண்டும் காட்டில் விட முயன்று வருகிறது. தொலைத்ததைத் தேடுவதற்கு எத்தனை செலவு பாருங்கள்! நம் நாட்டு உலமா சபைகளும் ஜும்ஆ மேடைகளும் இது குறித்து வாய் திறக்க எந்த ஃபத்வாவுக்காகக் காத்திருக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பதாண்டுகளாக மிம்பரில் ஏறுகிறேன், ஒரு நாளும் பேசியதில்லை.

வீட்டில் புலி நகமோ தோலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பாட்டனார் காலத்துப் பொருள்' என்பது சட்டத்தின் முன் போதிய விடையன்று. அத்தகைய பொருள்களை அறிவித்துப் பதிவு செய்ய 2003இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அது எப்போதோ முடிந்துவிட்டது. புலியின் உறுப்பைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பதற்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை உண்டு. 2023 அக்டோபரில் பெங்களூரில் புலி நகப் பதக்கத்தோடு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய ஒருவரை வனத்துறை கைது செய்தது நினைவிருக்கலாம். அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும், விற்பதும், ஆற்றில் எறிவதும் வழியல்ல. முத்தவல்லியையோ மஹல்லாப் பெரியவர் ஒருவரையோ, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும், உடன் அழைத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குச் சென்று முறைப்படி எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள்.

அந்தத் தாயின் மாமியார் மறுவாரம் என்னிடம் வந்தார். கொஞ்சம் கோபமாகத்தான் வந்தார். "அதைக் கழற்றச் சொன்னீங்களாமே ஹஜ்ரத், அதுக்குப் பதிலா என்னத்தைக் கட்டுறது?" என்றார். நபிகளார் (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹசன், ஹுசைன் (ரலி) இருவருக்கும் இறைவனிடம் பாதுகாவல் தேடி ஓதிய துஆவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "கொடுத்த காசு போச்சே" என்று முணுமுணுத்தபடி போனார். ஆனால் திங்கட்கிழமை முத்தவல்லியோடு வன அலுவலகத்துக்குச் சென்றவரும் அவரேதான். கொம்பா, நகமா என்று சோதனைக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பெற்றுக்கொண்டார்களாம். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. பிள்ளை இப்போதும் சில இரவுகளில் விழித்து அழுகிறானாம். மாமியார்தான் எழுந்து ஓதுகிறாராம்.